ராஜா சாண்டோ: திரையின் முன்னும் பின்னும்

நுழையும்முன்

திரையில் தோன்றும் முகம் மக்கள் நினைவில் நிற்கிறது. அம்முகத்தை அங்கே நிறுத்திய கை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. மேலும், கதைத்தலைவனின் பெயர் ஊரறிய விளங்க, அவனுக்குத் துணையாகவும் பகையாகவும் நின்று கதையைத் தாங்கும் குணச்சித்திர நடிகரின் பெயர் விரைவில் மங்கிவிடுகிறது. தமிழ்த் திரைப்படம் தவழ்ந்த காலத்தில் நடிகராகவும் இயக்குநராகவும் இருபுறமும் நின்று உழைத்த ஒருவரின் வாழ்க்கையையும், அவர் உழைப்பில் பெரும்பகுதி இன்று காணக் கிடைக்காமற் போனதன் காரணத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கூத்தும் நிழலும்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் பாரதக் கூத்தும் நிகழும். புயக்கட்டையும் மார்ப்பதக்கமும் கிரீடமும் அணிந்து பீமன் களத்தில் இறங்கும்போது, அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் யார் என்பது கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்கிவிடும். அடிவைப்பும் தோளசைவும் கண்ணோட்டமும் அவனை அறிவித்துவிடும். உடலே மொழியாகும் கலை அது. விடியும்வரை அமர்ந்து அக்கலையைக் கண்டு பழகியவர்கள் அன்றைய தென்னார்க்காட்டு மாவட்ட மக்கள்.

அம்மக்கள் முன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதியதொரு கூத்து வந்து நின்றது. வெள்ளைத் துணியில் நிழல்கள் அசைந்தன, ஆனால் பேசவில்லை. 1905 ஆம் ஆண்டில் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவர் தொடங்கிய நடமாடும் படக்காட்சி ஊர் ஊராகச் சென்றது. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே நீண்ட இருப்புப்பாதை அன்று நாடகக் குழுக்களின் நெடுஞ்சாலையாக விளங்கியது. அதுவே நாளடைவில் படப்பெட்டிகளின் நெடுஞ்சாலையும் ஆயிற்று. பல திசைகளிலிருந்து வரும் பாதைகள் கூடும் விழுப்புரம் போன்ற சந்திப்புகளைக் கடந்தே கலை ஊர்களை அடைந்தது.

கூடாரக் கொட்டகைக்குள் மணல்தரையில் அமர்ந்திருந்தோரில் எழுத்தறிந்தவர் சிலரே. ஆகவே, திரையில் இடையிடையே தோன்றிய விளக்க எழுத்துகளை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார், கதையையும் எடுத்துரைப்பார். கூத்தில் கட்டியக்காரன் செய்யும் பணியைப் பேசாப்படத்தில் அவர் செய்தார் எனலாம். ஆர்மோனியமும் தாளக்கருவியும் துணை நின்றன. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசகவதம்’. பாரதக் கூத்தில் பன்முறை கண்ட பீமனையே மக்கள் முதலில் திரையிலும் கண்டனர்.

இவ்வாறு பழங்கூத்தும் புதுநிழலும் சந்தித்த காலத்தில், உடலை மொழியாக்கும் திறன் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு திரைக்குள் நுழைந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவரே ராஜா சாண்டோ.

நாகலிங்கம் சாண்டோ ஆனார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் பி. கே. நாகலிங்கம். இளமையிலேயே உடற்பயிற்சியில் ஈடுபட்டு உடல்வலிமைக்குப் பெயர் பெற்றார். அக்காலத்தில் ஐரோப்பாவில் யூஜின் சாண்டோ என்னும் உடல்வலிமைக் கலைஞர் உலகப்புகழ் பெற்றிருந்தார். அவர் இந்தியாவுக்கும் வந்து தம் வலிமையைக் காட்டிச் சென்றார். அதன்பின் இந்நாட்டில் உடல் வலிமை வாய்ந்தவரைச் ‘சாண்டோ’ என அழைக்கும் வழக்கம் பரவியது. நாகலிங்கத்துக்கும் அப்பெயரே நிலைத்தது, இயற்பெயர் பின்சென்றது.

ஒருவரின் பெயர் அவர் செய்யும் தொழிலைச் சுட்டுவது வழக்கம். ஆனால் இப்பெயர் அவருக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. வலிமை உடையவர், சண்டைக்காட்சிக்கு ஏற்றவர் என்ற அளவிலேயே திரையுலகம் அவரை முதலில் ஏற்றது. அவ்வெல்லையைக் கடந்தமையே அவர் வாழ்வின் சிறப்பு.

பம்பாயில் பயின்ற பாடம்

1920-களில் இந்தியத் திரைப்படத்தொழிலின் பெருமையம் பம்பாய். அங்கே சென்ற நாகலிங்கம், எஸ். என். பதன்கரின் நிறுவனம் 1922 இல் எடுத்த ‘பக்த போதனா’ என்னும் பேசாப்படத்தின் வழியாகத் திரைவாழ்வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘வீர் பீம்சேன்’ அவரது உடல்வலிமைக்கு ஏற்ற களமாக அமைந்தது.

அவர் அத்துடன் நின்றிருந்தால், சண்டை நடிகர் பலருள் ஒருவராகவே மறைந்திருப்பார். சந்துலால் ஷா என்னும் இயக்குநரின் படங்கள் அவரை வேறு திசைக்கு அழைத்துச் சென்றன. 1926 இல் வெளியான ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்தில் அக்காலத்தின் புகழ்மிக்க நடிகை சுலோசனாவுடனும், 1927 இல் வெளியான ‘குணசுந்தரி’ படத்தில் கோஹருடனும் நடித்தார். முன்னது அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணைப் பற்றியது. பின்னது கணவன் மனைவி உறவைப் பற்றியது. இவை அரக்கரையும் அரசரையும் விடுத்துத் தம் காலத்து வீட்டையும் தெருவையும் காட்டிய சமூகப்படங்கள்.

இத்தகைய படங்களில் தோள்வலிமைக்கு வேலை இல்லை. ஒரு கணவனின் தயக்கத்தையோ குற்றவுணர்வையோ ஒரு சொல்லும் இன்றிக் காட்ட வேண்டும். கூத்துக்களத்தில் நூறடி தொலைவில் இருப்பவருக்காக நடிகர் கையை உயர்த்துகிறார். ஒளிப்படக்கருவியோ அவர் கண்ணருகே வந்து நிற்கிறது. தொலைவில் இயல்பாகத் தோன்றும் அசைவு, அண்மையில் மிகையாகிவிடும். எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைக் காட்டிலும் எவ்வளவு அடக்க வேண்டும் என்பதே திரைநடிப்பின் முதற்பாடம். இப்பாடத்தைப் பயிலும் வாய்ப்பைப் பம்பாய் அவருக்கு அளித்தது.

1928 இல் ‘சினேக ஜோதி’ என்னும் படத்தின் வழியாக அவர் இயக்குநரானார். நடிப்பதற்காக வந்த ஒருவர், படப்பிடிப்பின் ஒவ்வொரு கூறையும் அருகிருந்து கற்று, ஆறாண்டுகளில் இயக்குநரின் இடத்தை அடைந்தார். திரைக்கல்லூரிகள் இல்லாத காலத்தில் படப்பிடிப்புத் தளமே அவருக்குக் கல்லூரியாயிற்று.

தெரிந்து தெளிவோம்

35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஓர் அடி நீளத்தில் 16 படங்கள் அடங்கும். பேசாப்படக் காலத்தில் நொடிக்கு 16 படங்கள் என்னும் வேகம் பரவலாக வழங்கியது. அவ்வேகத்தில் 1000 அடிச்சுருள் ஒன்று ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும். ஒலி சேர்ந்தபின் வேகம் நொடிக்கு 24 படங்கள் என நிலைப்படுத்தப்பட்டது. அதே சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பேசாப்படங்களைப் பிற்காலக் கருவிகளில் ஓட்டும்போது மாந்தர் பரபரவென நடப்பதுபோல் தோன்றுவதற்கு இவ்வேக வேறுபாடே காரணம். அது நடித்தவரின் குறையன்று.

சென்னைக்குத் திரும்புதல்

பம்பாயில் பெயர் பெற்ற ராஜா சாண்டோ, 1930 ஆம் ஆண்டளவில் சென்னையில் ஆர். பத்மநாபன் நடத்திய அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்துக்காகப் படங்களை இயக்கினார். ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அனாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’ ஆகியன அக்காலத்தில் அவர் இயக்கிய பேசாப்படங்களுள் சில. புராணக்கதைகளே பெரும்பாலும் படமாகி வந்த சூழலில், சமகால வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

இவற்றுள் ‘நந்தனார்’ கருதத்தக்கது. தீண்டாமையின் கொடுமைக்கு ஆளான ஒருவர் தில்லையைக் காணத் துடித்த கதை, தென்னார்க்காட்டு மண்ணுக்கு அண்மைய கதை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் அக்கதை தமிழகமெங்கும் இசையாகவே அறியப்பட்டிருந்தது. இசையால் வாழ்ந்த கதையை ஒலியே இல்லாத திரையில் சொல்வது எளிதன்று. பாட்டின் உருக்கத்தை முகமும் உடலுமே ஈடுசெய்ய வேண்டும். ‘நாளைப் போவேன்’ என ஏங்கியவரின் ஏக்கத்தை, நடை தயங்குவதிலும் கைகுவிவதிலும் கண்கலங்குவதிலும் காட்ட வேண்டும். அரிய இம்முயற்சியை மேற்கொள்ளும் துணிவு அவ்வியக்குநருக்கு இருந்தது.

அவருடைய படக்குழு பிறருக்குப் பயிற்சிக்கூடமாகவும் அமைந்தது. பிற்காலத்தில் ‘பாலயோகினி’, ‘தியாகபூமி’ முதலிய படங்களை இயக்கிப் புகழ்பெற்ற கே. சுப்பிரமணியம், வழக்கறிஞராக இருந்தவர். ராஜா சாண்டோவின் பேசாப்படங்களில் பணியாற்றித் திரைத்தொழிலைக் கற்றார். ‘ராஜேஸ்வரி’யில் நடித்த டி. பி. ராஜலட்சுமி, தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதா’ஸின் கதைத்தலைவியானார். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றவர் தம் விளக்கை ஏற்றிக்கொள்வது கலைமரபின் இயல்பு.

பேசத் தொடங்கிய படம்

1931 அக்டோபர் 31 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் கதைத்தலைவி தமிழில் பேச, பிறர் தெலுங்கிலும் பேசினர். திரை பேசுகிறது என்பதே வியப்பாக இருந்தமையால் மொழி மாறியதை மக்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் பேசாப்படக் கலைஞர்களுக்கு அந்த ஆண்டு ஒரு சோதனையாக வந்தது. உலகெங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. குரல்வளமின்மையால் வாய்ப்பிழந்தோர் பலர். தமிழகத்தில் பாடத் தெரிந்தவருக்கே முதன்மை கிடைத்தது. நாடகமேடையில் பாடிப் பழகியோர் திரைக்கு வந்தனர். உடலால் பேசியவரின் காலம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

ராஜா சாண்டோ இம்மாற்றத்தில் வீழ்ந்துவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்புத் தளம் சென்னையில் 1934 வரை அமையவில்லை. ஆகவே தமிழ்ப் பேசும்படங்கள் பல பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டன. நாடகக் குழுவினர் இரயிலேறி மொழி தெரியாத ஊருக்குச் சென்றனர். அங்கே கருவிகளை இயக்குவோருக்குத் தமிழ் தெரியாது. நடிப்போருக்குக் கருவி தெரியாது. தமிழும் தொழில்நுட்பமும் ஒருங்கறிந்த ஒருவர் அன்று அரிதாகவே கிடைத்தார். இரு கரைகளையும் அறிந்த ராஜா சாண்டோ அவ்விடைவெளிக்குப் பாலமானார்.

1935 இல் அவர் இயக்கத்தில் வெளிவந்த ‘மேனகா’ இதற்குச் சான்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினம், கந்தசாமி முதலியாரால் நாடகமாக்கப்பெற்று டி. கே. எஸ். சகோதரர்களால் மேடையேற்றப்பட்டிருந்தது. அந்நாடகமே படமாயிற்று. கணவன் வீட்டில் கொடுமைக்கு உள்ளாகும் பெண்ணின் துயரைச் சொன்ன இப்படம், தொடக்ககாலத் தமிழ்ச் சமூகப் பேசும்படங்களுள் ஒன்று. டி. கே. சண்முகம், டி. கே. பகவதி ஆகியோருடன் என். எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். கலைவாணர் நடித்து முதலில் வெளிவந்த படம் இதுவே.

மேடையில் இரவு முழுவதும் ஒரே ஓட்டத்தில் நடித்துப் பழகியவர்கள், துண்டு துண்டாக, முன்பின் மாறிய வரிசையில், கருவியின் முன் நடிக்க வேண்டியிருந்தது. கண்ணீர் விடும் காட்சி காலையிலும், அதற்குக் காரணமான நிகழ்வு மாலையிலும் எடுக்கப்படலாம். கைதட்டி ஊக்குவிக்க எதிரில் கூட்டமும் இல்லை. இத்தகைய சூழலில் நடிகரை வழிநடத்துவதற்குத் தாமே நடிகராக இருந்தவரின் அறிவு பயன்பட்டது. ராஜா சாண்டோ மிகுந்த கண்டிப்புடையவர் எனப் பெயர் பெற்றவர். அக்கண்டிப்பு உடன்பணியாற்றியோருக்கு அச்சத்தையும் தந்தது. எனினும் ஒழுங்கு இன்னும் வேரூன்றாத ஒரு புதுத்தொழிலில் கால ஒழுங்கையும் பணி ஒழுங்கையும் அவர் வலியுறுத்தினார்.

1936 இல் அவர் இயக்கிய ‘சந்திரகாந்தா’, ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினத்தைத் தழுவியது. சமயப்போர்வையில் நிகழும் ஒழுக்கக்கேட்டை அது எள்ளி நகையாடியது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பி. யு. சின்னப்பா திரையில் அறிமுகமானது இப்படத்தில்தான். அடுத்த ஆண்டில் ‘மைனர் ராஜாமணி’ வெளிவந்தது. பரவலாகப் படிக்கப்பட்ட தமிழ்ப் புதினங்களுக்கும் திரைக்கும் இடையே வழி அமைத்தவர்களுள் ஒருவராக ராஜா சாண்டோ விளங்கினார்.

தில்லைக் குயவர் திரைக்கு வந்த கதை

1939 இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடிக்க, ராஜா சாண்டோ இயக்கிய ‘திருநீலகண்டர்’ பெருவெற்றி பெற்றது. பாபநாசம் சிவன் இசையும், என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இணையரின் நகைச்சுவையும் அதற்கு வலுச்சேர்த்தன.

திருநீலகண்டர் தில்லையில் மண்கலம் வனைந்து வாழ்ந்த குயவர். விழுப்புரத்துக்கு அண்மையிலுள்ள திருநாவலூரில் அவதரித்த சுந்தரர், தம் திருத்தொண்டத்தொகையில் தில்லைவாழ் அந்தணரை அடுத்து இக்குயவரையே போற்றுகிறார். கணவரின் பிழையால் மனம் புண்பட்ட மனைவி, தம்மைத் தீண்டக்கூடாதென இறைவன் பெயரால் ஆணையிடுகிறார். அந்த ஆணையை மீறாமல் இருவரும் ஒரே வீட்டில் முதுமை எய்தும்வரை வாழ்கின்றனர். அயலார் எவரும் அதனை அறியவில்லை. இறுதியில் சிவயோகியாக வந்த இறைவன் திருவோட்டைக் காரணமாக்கி உண்மையை வெளிக்கொணர்கிறார். மூங்கில்கோலின் இரு முனைகளைப் பற்றிக் குளத்தில் மூழ்கிய இருவரும் இளமை பெற்று எழுகின்றனர்.

இக்கதையின் உயிர் பேச்சில் இல்லை. சொல்லாமல் மறைத்த ஒன்றில் இருக்கிறது. ஒரு கூரையின் கீழ் இருவர் அன்பு மாறாமலும் தொடாமலும் வாழ்ந்த நெடுங்காலத்தைப் பாட்டால் மட்டும் உணர்த்த இயலாது. பேசாப்படங்களில் பயின்ற இயக்குநருக்குப் பொருத்தமான கதை அது. கணவன் மனைவி உறவை மையமாகக் கொண்ட ‘குணசுந்தரி’யில் நடித்தவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே உறவைப் பக்திக்கதையில் இயக்கியது எண்ணத்தக்கது.

இருவர் வாழ்வு, ஒரே பாடம்

நடிகராகத் தொடங்கி இயக்குநராக உயர்ந்த முன்னோடிகளை மேலைநாட்டிலும் காணலாம். வியன்னாவில் 1885 இல் பிறந்து ஹாலிவுட்டுக்குச் சென்ற எரிக் வான் ஸ்ட்ரோகைம் அவர்களுள் ஒருவர். கொடிய படை அதிகாரி போன்ற குணச்சித்திர வேடங்களில் நடித்துப் பெயர் பெற்ற அவர், பின்னர் இயக்குநரானார். 1924 இல் வெளிவந்த அவருடைய ‘கிரீட்’ முதலில் பலமணி நேரம் ஓடும் படமாக உருவாயிற்று. தயாரிப்பு நிறுவனம் அதை வெட்டி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மிகுந்த அளவாகக் குறைத்தது. நீக்கப்பட்ட பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. பின்னாளில் இயக்கும் வாய்ப்பை இழந்த அவர், நடிகராகவே தம் இறுதிக்காலத்தைக் கழித்தார்.

ராஜா சாண்டோவும் இதையொத்த ஒரு நிலையைக் கண்டார். கோயம்புத்தூரில் பாகவதர் நடித்த ‘சிவகவி’யை இயக்கத் தொடங்கிய அவர், கருத்து வேறுபாட்டால் இடையிலேயே விலகினார். எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு முடித்து 1943 இல் வெளியான அப்படம் பெருவெற்றி கண்டது. 1940-களின் முற்பகுதியிலேயே ராஜா சாண்டோ மறைந்தார். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர், புகழ்பெற்றவர் ஒருவர் என்பது கூட்டுக்கலையின் கசப்பான உண்மை. கவிஞரின் ஏடு அவருடையது. சிற்பியின் கல் அவருடையது. திரைப்பட இயக்குநரின் படைப்போ பொருள் முதலீட்டாளரின் கையிலும், நடிகரின் கால்ஷீட்டிலும், கொட்டகையின் வசூலிலும் தங்கி நிற்பது.

எரிந்துபோன ஏடுகள்

தமிழர் ஒருமுறை தம் ஏடுகளை இழந்தனர். கரையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் இரையான சுவடிகள் எத்தனையோ. எஞ்சியவற்றை உ. வே. சாமிநாதர் போன்றோர் ஊர் ஊராகச் சென்று தேடிக் காத்தனர். இருபதாம் நூற்றாண்டில் தமிழர் இழந்த மற்றோர் ஏடு பேசாப்படம்.

தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் குறிப்பிடத்தக்க அளவில் எஞ்சியிருப்பது, திருவிதாங்கூர் வரலாற்றைச் சொல்லும் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. ‘நந்தனா’ரில் ராஜா சாண்டோ மௌனத்தால் எதைச் சொன்னார் என்பதை இன்று எவரும் கண்ணால் காண இயலாது. அழிவுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதையும். இரண்டாவது, அச்சுருளில் வெள்ளி இருந்தது; ஓடி முடிந்த படத்தைக் கரைத்து வெள்ளியைப் பிரித்து விற்பது சிலருக்கு ஆதாயமாயிற்று. மூன்றாவது காரணமே பெரிது. பேசும்படம் வந்தபின் பேசாப்படம் பயனற்றதென அனைவரும் கருதினர். காக்க வேண்டிய பொருள் என்ற எண்ணமே அன்று எழவில்லை. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனே நகரில் 1964 இல்தான் தோன்றியது. அதற்குள் ஒரு தலைமுறையின் படைப்பு மறைந்துவிட்டது.

தமிழ்நாடு அரசு வழங்கும் திரைத்துறை விருதுகளுள் ஒன்று ராஜா சாண்டோவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. படங்கள் அழிந்த நிலையில் அவர் பெயரேனும் காக்கப்பட்டமை ஆறுதலளிக்கிறது. ஆயினும் விருதின் பெயரைக் கேட்போருள் அவர் யார் என்று அறிந்தோர் சிலரே.

மண்ணில் தொடரும் மரபு

ராஜா சாண்டோ முதன்முதலாக இயக்குநரான 1928 ஆம் ஆண்டில்தான், அக்டோபர் முதல் நாள், விழுப்புரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, பெண்வேடமும் ஆண்வேடமும் ஏற்று வளர்ந்து, விழுப்புரம் சின்னையா கணேசன் என்னும் அச்சிறுவர் சிவாஜி கணேசனாக உயர்ந்தார். 1952 இல் ‘பராசக்தி’யில் அவர் குரல் தமிழகத்தை ஆட்கொண்டபோது, பேசும்படம் தன் உச்சத்தைத் தொட்டது. குரலால் புகழ்பெற்ற அவரது கண்ணும் நடையும் விரலசைவும் பேசியதை எவரும் மறுக்கமாட்டார். வாய் பேசாதபோதும் உடல் பேசும் என்பதைக் கூத்துக்களம் முதலில் கற்பித்தது; பேசாப்படம் அதனைத் திரைக்குக் கொண்டுவந்தது; பேசும்படம் அதன் பயனைத் துய்த்தது.

இன்றும் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நிகழ்கிறது. அக்கூத்து, நடிப்போரின் உடலிலும் காண்போரின் நினைவிலும் வாழ்வதால், ஆசானிடமிருந்து மாணவருக்கு என வழிவழியாகத் தொடர்கிறது. படச்சுருளை நம்பிய கலையோ சுருளோடு அழிந்தது. எழுதிவைத்தது நிலைக்கும், ஆடிக்காட்டியது மறையும் என்பர். இங்கே மறுதலையாக நிகழ்ந்தது. காப்பவர் இருந்தால் எதுவும் நிலைக்கும். இல்லாவிடில் எதுவும் மறையும். ராஜா சாண்டோவின் வாழ்வும் அவர் படங்களின் அழிவும் ஒருசேர உணர்த்தும் பாடம் இதுவே.

சொல்லும் பொருளும்

சந்திப்பு – இருப்புப்பாதைகள் கூடுமிடம்
கட்டியக்காரன் – கூத்தில் பாத்திரங்களை அறிமுகப்படுத்தி நகைச்சுவையும் நிகழ்த்துபவன்
புயக்கட்டை – கூத்தர் தோளில் அணியும் மர அணிகலன்
மறுதலை – எதிர்நிலை

மதிப்பீடு

சிறுவினா
1. பேசாப்படக் காட்சியில் விளக்கம் சொல்பவரின் பணி, கூத்தின் கட்டியக்காரனோடு எவ்வாறு ஒப்புமை உடையது?
2. ‘சாண்டோ’ என்னும் பெயர் தமிழகத்தில் வழங்கிய காரணத்தைக் கூறுக.
3. பேசாப்படங்கள் அழிந்தமைக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
1. பேசாப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு மாறிய காலத்தில் ராஜா சாண்டோ ஆற்றிய பங்கினை விவரிக்க.
2. ‘தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர், புகழ்பெற்றவர் ஒருவர் என்பது கூட்டுக்கலையின் கசப்பான உண்மை’ – இக்கூற்றை ராஜா சாண்டோ, ஸ்ட்ரோகைம் ஆகியோரின் வாழ்வைக்கொண்டு ஆராய்க.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் இருந்த பழைய திரைக்கொட்டகை அல்லது கூடாரக் கொட்டகை குறித்து முதியோரிடம் கேட்டு, அதன் அமைப்பு, கட்டணம், காட்சி நேரம் ஆகியவற்றைக் கட்டுரையாக எழுதுக.
2. நந்தனார் தில்லைக்குச் செல்லத் துடிக்கும் காட்சியை ஒரு சொல்லும் இன்றி மூன்று நிமிடத்தில் வகுப்பறையில் நடித்துக் காட்டுக. கண்டோர் தாம் உணர்ந்ததை எழுதிக் கலந்துரையாடுக.